குளிர் ஊரில் நாய்களோடு நடக்கும் தொழில்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



"கனடாவுல என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பலரும் கேட்டார்கள். டொராண்டோ நகரத்தில் நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் தொழில் செய்கிறேன் என்றேன். என் விடுதி அறைத் தோழன் சிரித்துவிட்டான். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு நாய் மேய்க்கிறியா?" என்றான். அவனுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்தக் கெமிஸ்ட்ரி எனக்கு வீணாகப் போகவில்லை.

இப்படி ஒரு தொழில் எதற்கு என்று தோன்றும். அங்கே நாய் திண்ணையில் படுத்திருப்பதில்லை; இருபதாவது மாடியில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதுவரை அந்த ஜீவன் அடக்கிக்கொண்டா இருக்கும்? நடுப்பகலில் ஓர் ஆள் வந்தாக வேண்டும். நியூயார்க்கில் ஜிம் பக் என்பவர் 1960-களிலேயே இதை முழுநேரத் தொழிலாகச் செய்தார். டொராண்டோ பூங்காக்களில் மூன்று நாய்களுக்கு மேல் கூட்டிப்போவதானால் மாநகராட்சி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் ஆறுக்கு மேல் கூடாது. கழிவையும் நாம்தான் அள்ள வேண்டும், மைனஸ் 15 டிகிரியில், கையுறையைக் கழற்றிவிட்டு. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

இனி கெமிஸ்ட்ரிக்கு வருகிறேன். உறைநிலைத் தாழ்வு என்று ஒரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீரில் உப்பைக் கரைத்தால் பூஜ்யத்துக்குக் கீழேதான் உறையும். அந்தப் பாடம் அங்கே நடைபாதை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஐஸ் கட்டாமலிருக்கச் சாதாரண உப்பைத் தூவுவார்கள். கடுங்குளிரில் அது சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு. அது கரையும்போது சூடு கிளப்பும். நாய்க்கு வெறுங்கால். விரலிடுக்கில் உப்பு ஏறினால் தோல் வெடித்து எரியும். எரிகிற இடத்தை நக்கினால் உப்பு வயிற்றுக்குள் போகும். அதனால் கிளம்பும் முன் பாதத்தில் மெழுகு தடவுவோம், அல்லது ரப்பர் காலணி மாட்டுவோம். திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைப்போம். ஆறு நாய்க்கு இருபத்துநாலு கால். கார்களிலிருந்து ஒழுகும் உறைதடுப்பு திரவம் இன்னும் மோசம். அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாய் ஆசையாக நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும்.

உப்பு நீர் மின்சாரத்தையும் கடத்துமல்லவா? 2008-09 குளிர்காலத்தில் டொராண்டோ நடைபாதைகளில், மின்கம்பி இணைப்புக் குழிகளிலிருந்து கசிந்த மின்சாரம் தாக்கி நாய்கள் இறந்தன. 2009-இல் மின்வாரியம் ஊர் முழுக்க அந்தக் குழிகளைச் சோதித்துச் சரிசெய்தது. ஆனாலும் இன்றைக்கும் நான் இரும்பு மூடியைக் கண்டால் நாய்களைச் சுற்றித்தான் அழைத்துப்போவேன்.

நாய் பேசாது, அதற்காக நாம் பேச வேண்டிவரும். மைனஸ் 24 டிகிரியில் ஒருநாள், குட்டை முடி கொண்ட ஒரு கிரேஹவுண்ட் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நின்றது. பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்குத் திருப்பிவிட்டேன். "ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்கிறேனே" என்று வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. "மீதிக் காசைக் கழித்துக்கொள்ளுங்கள், இந்தக் குளிரில் நடத்த மாட்டேன்" என்று பதில் போட்டேன். வேலையை நிறுத்தினார். ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். கூப்பிடாமலும் இருந்திருக்கலாம், அந்த மாத வாடகைக்குத் தடுமாறித்தான் போனேன்.

என்னிடம் பதினான்கு வீட்டுச் சாவிகள் இருக்கின்றன. சாவியில் நாயின் பெயர்தான் எழுதியிருப்பேன், வீட்டு எண் இருக்காது. தொலைந்தாலும் எடுத்தவனுக்குப் பயன்படாது. யாரென்றே தெரியாத ஊரிலிருந்து வந்தவன் கையில், ஆளில்லாத வீட்டின் சாவியைக் கொடுக்கிறார்கள். என் பட்டத்தை ஒருவரும் கேட்டதில்லை. முன்பு நாய் பார்த்த இரண்டு வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்ணைத்தான் கேட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். தனியாக இத்தொழில் செய்பவனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. ஐஸில் வழுக்கிக் கை ஒடிந்தால் அன்றோடு வருமானம் நின்றுவிடும். 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டில் அடைந்தபோது என் வேலை ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. அந்த அடைப்பில் நாய்க்குட்டி வாங்கியவர்கள் மறுபடி அலுவலகம் போகத் தொடங்கிய பிறகுதான் பழையபடி ஆனது. வெளிநாட்டு வேலை என்றால் கண்ணாடி அறையும் கழுத்துப்பட்டையும்தான் என்று நினைத்திருப்பவர்கள், என்னிடம் தனியே வந்து கேளுங்கள். வரவு செலவுக் கணக்கையே காட்டுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள்.