ஒரே ஆளுக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல ஆள்



பொலிஸாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். பேச்சுவழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1829ஆம் ஆண்டு லண்டன் பெருநகரப் பொலிஸை நிறுவியவர் உள்துறைச் செயலர் ரொபேர்ட் பீல். ரொபேர்ட்டின் செல்லப்பெயர் ‘பொபி’. அதுவே பொலிஸாரின் பெயராயிற்று. ‘கொப்பர்’ என்பதற்குச் செம்புப் பொத்தானைக் காரணம் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது; பிடித்தல் எனப் பொருள்படும் ‘கொப்’ என்ற வினைச்சொல்லே அதன் வேர். லண்டன்வாசிகள் ‘ஓல்ட் பில்’ என்பதும் இவர்களையே. நம் பிள்ளைகள் சொல்லும் ‘ஃபெட்ஸ்’, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வாளரைக் குறித்து, பின்னர் இங்கு குடியேறிய சொல். ‘பிக்’ என்பது மட்டும் வசை; வீட்டில் காதில் விழுந்தால் திருத்திவிடுங்கள்.

இத்தனை சொற்களுக்கும் ஆள் ஒருவரே. இவற்றை அறியாதிருந்தாலும் நட்டமில்லை. அலுவல் மொழியில் நிலைமை தலைகீழ். அங்கே ‘ஒஃபிஸர்’ என்ற ஒரு சொல் பலரைக் குறிக்கும். தமிழில் அதனை ‘அதிகாரி’ என்றால் எஞ்சிய வேறுபாடும் மறைந்துவிடும்.

ஊரில் ‘கொன்ஸ்டபிள்’ என்றால் கடைநிலைப் பதவி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதவிநிலை எதுவாயினும் பொலிஸார் அனைவரும் சட்டப்படி கொன்ஸ்டபிள்களே. கைது செய்யும் அதிகாரம் அந்தப் பெயரோடுதான் ஒட்டியிருக்கிறது. ஏறத்தாழ அதே சீருடையில் வீதியில் நடந்துவரும் ‘கொம்யூனிட்டி சப்போர்ட் ஒஃபிஸர்’ 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானவர். கொன்ஸ்டபிளுக்குரிய கைது அதிகாரம் அவருக்கில்லை. ஆயினும் சில வேளைகளில் பெயர், முகவரி கேட்கும் உரிமை அவருக்குண்டு; மறுப்பது குற்றமாகலாம். வாகனத்துக்குத் தண்டச்சீட்டு ஒட்டுபவர் ‘சிவில் என்ஃபோர்ஸ்மென்ட் ஒஃபிஸர்’. அவர் பொலிஸே அல்லர்.

நான் அஞ்சுவது அடுத்தவரைக் குறித்தே. முன்பு ‘பெய்லிஃப்’ எனப்பட்டவர், 2014 முதல் சட்டத்தில் ‘என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்’. கவுன்சில் வரி நிலுவைக்காக வருபவர் இவரே. கறுப்பு அங்கியைக் கண்டதும் பொலிஸ் என்றெண்ணிக் கதவைத் திறந்துவிடுவோர் நம்மிடையே பலர். ஊரில் பட்ட அனுபவம் அப்படி. ஆனால் இந்த நிலுவைக்காக முதன்முறை வரும்போது பலவந்தமாக நுழைய அவருக்கு அதிகாரமில்லை. உள்ளே அழைக்கும் கடப்பாடும் உங்களுக்கில்லை. பூட்டாத கதவு வழியே நுழையலாம் என்பதால் பூட்டி வையுங்கள். வருமுன் உரிய அவகாசத்துடன் அறிவித்தல் அனுப்ப வேண்டும். வழமையாகக் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையிலேயே வரலாம். ஒருமுறை உள்ளே விட்டு, பொருட்களைப் பட்டியலிட்ட உடன்படிக்கையில் கையொப்பமிட்டால் நிலைமை மாறிவிடும். அதை மீறினால் அடுத்தமுறை பலவந்தமாகவும் நுழைய இயலும். கதவைப் பூட்டுவதால் கடன் தீராது என்பதும் உண்மை. அறிவித்தல் கிடைத்த அன்றே தவணைமுறை குறித்துப் பேசுங்கள்.

ஆகவே எவர் வந்தாலும் கதவைத் திறக்குமுன், “ஆர் யூ அ பொலிஸ் கொன்ஸ்டபிள்?” என்று கேளுங்கள். ‘சேர்’ வேண்டியதில்லை, ‘ஒஃபிஸர்’ என்று விளித்தாலே மரியாதைதான். பொலிஸ் என்றால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பிடியாணை முதலிய சில நிலைகளில் பொலிஸாரைத் தடுக்க முடியாது என்பதை மறவாதீர்கள். ஐயம் தீராவிடில் 101ஐ அழைத்து, அவர் பெயரையும் இலக்கத்தையும் சொல்லிச் சரிபார்க்கலாம்.