மயிர்க்கூட்டுப் புண்

(மாட்டுங்காவில் நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் நம் செயலாளர் சற்றே தயங்கினார். குடும்பங்கள் கூடும் சபையில் இடுப்புக்குக் கீழே வரும் புண்ணைப் பற்றிப் பேசலாமா என்பது அவர் ஐயம். நாம் மருத்துவரும் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் பேரேடு எழுதும் குமாஸ்தா. ஆயினும் இந்தக் கூச்சத்தாலேயே நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இரண்டாண்டு துன்புற்றான். ஆதலின், அவன் இசைவு பெற்றே, பேசத் துணிந்தோம்.

அவன் நம் தமக்கையின் மகன், வயது இருபத்திரண்டு. நம்முடன் தங்கி, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் வேலை பார்த்தான். காலை இரயிலில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டான். இரவில் குப்புறவே படுப்பான். கேட்டால், "ஒன்றுமில்லை, மாமா, உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது" என்பான். தன் கால்சட்டைகளைத் தானே துவைத்துக்கொண்டான். நம் இல்லாள் அதை நல்லொழுக்கம் என்று அக்கம்பக்கத்தில் மெச்சிப் பேசினாள். சீழ்க்கறையை மறைக்கவே துவைத்தான் என்பது பின்னரே தெரிந்தது.

செய்தி ஊருக்கு எட்டியதும் தமக்கையார் அது மூலந்தான் என்று முடிவு கட்டிவிட்டார். கருணைக்கிழங்கும் மோருமாகச் சில மாதங்கள் கழிந்தன. வந்தது மூலமே அன்று. கிழங்கு என் செய்யும்? பிறகு ஒரு வைத்தியசாலையில் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தனர். வலி அன்றே நீங்கியது. மறுபடி வந்து காட்டு என்று எவரும் சொல்லவில்லை, அவனும் போகவில்லை. ஐந்தாம் மாதம் அதே இடத்தில் கட்டி. மூன்றாம் முறையும் வந்த பின்னரே இரண சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, பிட்டங்களின் இடைப்பிளவை விலக்கி நோக்கினார். ஒரு நிமிடமும் ஆகவில்லை. நடுக்கோட்டில் ஊசிமுனைத் துளைகள் போன்ற மூன்று குழிகள். ஒன்றிலிருந்து மயிர் எட்டிப் பார்த்தது. "பைலோனிடல் சைனஸ்" என்றார். இரண்டாண்டு ஒளித்ததை ஒரு நோக்கில் கண்டுவிட்டார்!

மூலம் ஆசனவாயிலேயே உண்டாவது. பெரும்பாலும் இரத்தம் காட்டும். பவுத்திரம் ஆசனவாயின் அருகே தோலில் வாய் வைத்து, உள்ளே மலக்குழாயோடு தொடர்புடையது. இதுவோ அவற்றுக்கு மேலே, வாலெலும்பின்மேல், தோலுக்கடியில் புரையோடுவது, குடலோடு உறவில்லை. பவுத்திரமோ என்ற ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர், இல்லையேல் கண்ணும் விரலுமே போதும்.

மேயோ என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1833இலேயே இதனை விவரித்துள்ளார். 1880இல் பாஸ்டன் நகரத்து ஹாட்ஜஸ், 'மயிர்', 'கூடு' எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களைச் சேர்த்து இப்பெயரை இட்டார். பிறவிக் குறை என்றே நெடுங்காலம் எண்ணினர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 80,000 பேர் இதற்காக மருத்துவமனையில் கிடந்தனர். குலுங்கும் ஜீப் வண்டியின்மேல் பழி போட்டு, 'ஜீப் வியாதி' என்றே அழைத்தனர். இலண்டனில் பேட்டி, ஸ்கார்ஃப் என்னும் இருவர் 1946இல் அதை மறுத்து, மயிர் வெளியிலிருந்தே தோலுக்குள் புகுகிறது என்றனர். அவர்களே 1948இல் முடிதிருத்துவோர் ஒருவரின் கையில் வந்த இதே புண்ணை எடுத்துக்காட்டினர். வெட்டிய துணுக்கு மயிர்கள் விரலிடுக்கில் குத்திப் புகுந்து கூடு கட்டிவிடுகின்றன. விரலிடுக்கில் மயிர் முளைப்பதில்லையே! அப்படியாயின் பிறவிக் குறை என்பது எப்படி நிற்கும்? நமக்கு இந்த வாதம் வழக்கறிஞர் வாதத்தினும் தெளிவாகப் பட்டது.

பூப்பெய்தும் பருவத்துக்குப் பின் தோன்றி, நாற்பதைத் தாண்டினால் அருகிவிடும் நோய் இது. ஆடவர்க்கே மிகுதி, மகளிர்க்கு வாராது என்பதில்லை. அடர்ந்த மயிர், ஆழ்ந்த பிளவு, பருத்த உடல், நெடுநேரம் அமர்தல், வியர்வை ஆகியன துணைக் காரணங்கள். கடைசி இரண்டுக்கும் இப்பம்பாயில் குறைவேது?

குழி மட்டும் இருந்து தொல்லை இல்லையெனில் கத்தி வேண்டியதில்லை. தூய்மையும் மயிர் நீக்கலும் போதும். சீழ்க்கட்டி எழுந்தால் கீறி வடித்தே ஆகவேண்டும். மாத்திரையால் மட்டும் அது தீராது. காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே செல்லல் வேண்டும். கீறியதோடு முடிந்தது என்று எண்ணியதே நாம் செய்த பிழை. உள்ளே கூடு அப்படியே இருந்தது. கூட்டை அகற்றிப் புண்ணைத் திறந்தே விட்டால், அடியிலிருந்து ஆறிவர வாரங்களும் மாதங்களும் ஆகும். நாள்தோறும் கட்டு மாற்றவேண்டும். நடுக்கோட்டிலேயே தைத்தால் திரும்ப வருவது மிகுதி. கிரேக்கப் படை மருத்துவர் கரிடாகிஸ் 1973இல் வெளியிட்ட முறையில் தையல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிளவும் ஆழங்குறைகிறது. லிம்பெர்க் முறையில் அருகிலுள்ள தோலைத் திருப்பி மூடுவர். ஃபீனால், லேசர் ஆகியனவும் உண்டு. எது யாருக்கு என்பதை நிபுணரே சொல்லவேண்டும்.

நம் நாட்டு முறையும் ஒன்று உண்டு. சுசுருத சம்ஹிதை புரையோடிய புண்ணுக்குக் கார நூலைச் சொல்கிறது. கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள் ஆகியன பலமுறை பூசிய நூல் அது. 1960களில் காசி இந்து பல்கலைக்கழகத்தார் இதற்குப் புத்துயிர் அளித்தனர். பவுத்திரத்துக்கே இதன் பெயர் பெரிது. இந்நோய்க்கும் சிலர் கையாளுகின்றனர். பயின்ற கையாயிருத்தல் வேண்டும்.

பெருஞ்செலவு என்று அஞ்சுவோர்க்கு ஒன்று: சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனை இருக்கிறது, பரேலில் 1926 முதல் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளர் சீட்டெடுத்து இரண சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். வரிசை நீளமே, கூச்சத்தால் நாம் காத்த இரண்டாண்டை விட நீளமன்று.

நம் பிள்ளைக்குத் தையலை ஒரு பக்கம் ஒதுக்கி மூடினர். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தனர். மயிர் நீக்கலை மட்டும் விடாது செய்துவருகிறான். சென்ற மாதம் அவனோடு ஊருக்குச் சென்றோம். தாதரில் ஏறியது முதல் சென்னை வரையில் அமர்ந்தே வந்தான். சன்னலோர இடத்தை நமக்கு ஒரு நாழிகையேனும் விட்டுக் கொடுத்தானில்லை.