தணியாத அழற்சியும் முதுமையும்

வயது ஏற ஏற உடலுக்குள் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சிக்கு இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் தனிப்பெயர் சூட்டினார். அன்றுமுதல் மாரடைப்பு, நீரிழிவு, மறதிநோய், தசை நலிவு என எதைப் பேசினாலும் அந்தப் பெயர் வந்து நிற்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்று யார் சொன்னாலும் ஐயத்தோடு கேட்பதே நம் தொழில். நாட்பட்ட அழற்சி முதுமை நோய்களுக்குக் காரணமாகிறது. ஆயினும் சில குறிப்பிட்ட பாதைகளின் வழியாகவே, அதுவும் வாழும் சூழலைப் பொறுத்தே ஆகிறது என்பது என் வாதம்.

அழற்சி நோயின் காரணமா, வெறும் அடையாளமா என்பது நெடுநாள் வழக்கு. அதில் வலுவான சாட்சி 2017-இல் வெளிவந்த கான்டோஸ் ஆய்வு. மாரடைப்பு கண்டு பிழைத்தவர்களில், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் மிகுந்திருந்த 10,061 பேர் அதில் பங்கேற்றனர். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. கொழுப்பின் அளவோ அசையவில்லை. அப்படியென்றால் சி.ஆர்.பி.தான் குற்றவாளியா? இல்லை. பிறவியிலேயே அதை மிகுதியாகச் சுரக்கும் மரபணு கொண்டவர்களுக்கு இதயநோய் கூடுவதில்லை. இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் செயலைத் தணிக்கும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கோ அது குறைகிறது. நாம் நாள்தோறும் ஆய்வகத்தில் அளப்பது புகையை மட்டுமே.

அழற்சியைத் தணிக்கத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்து இதயத்துக்குப் பலன் தரவில்லையே என்று மறுப்போர் உண்டு. உண்மைதான், சர்ட் ஆய்வில் அது தோற்றது. ஆனால் அங்கே இன்டர்லூக்கின்களும் சி.ஆர்.பி.யும் இறங்கவே இல்லை. உரிய பாதையைத் தொடாத மருந்தின் தோல்வி அந்தப் பாதையைப் பொய்யாக்காது. அழற்சியைத் தணிக்கும் மற்றொரு மருந்தான கோல்கிசினின் கதை இன்னும் சிக்கலானது. நம் வயல்களில் கண்வலிக்கிழங்கு என்று பயிராகும் செங்காந்தளிலும் உள்ள நஞ்சு அது. 2019, 2020-ஆம் ஆண்டுகளின் இரு பெரிய ஆய்வுகளில் அது இதயத்துக்கு நன்மை செய்தது. 2024-இல் வந்த, அவற்றினும் பெரிய ஆய்வில் செய்யவில்லை. இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு பொலிவியக் காட்டிலிருந்து வருகிறது. அங்கு வாழும் சிமானே மக்களுக்குத் தொற்றும் குடற்புழுவும் ஓயாதவை. அவர்களில் பாதிப்பேரிடம் சி.ஆர்.பி. மிகுந்திருக்கிறது. ஆனாலும் 2017-இல் ஸ்கேன் செய்து பார்த்தபோது 85 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் சுண்ணப் படிவே இல்லை. மலேசியாவின் ஒராங் அஸ்லி மக்களையும் சேர்த்து 2025-இல் வெளிவந்த ஒப்பீடு, இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் வயதோடு ஏறும் அழற்சி இவ்விரு மக்களிடம் அப்படி ஏறுவதில்லை என்று காட்டியது. என் வாதத்தை இது சாய்ப்பதில்லை, கூர்மையாக்குகிறது. தொற்றை எதிர்க்க மூளும் அழற்சியும், உடலுழைப்பு குறைந்து வயிற்றுக் கொழுப்பு பெருகிய வாழ்வில் தணியாமல் நிற்கும் அழற்சியும் ஒரே எண்ணைக் காட்டலாம், இரண்டும் ஒன்றல்ல.

அழற்சியை அடக்குவதற்கு விலையும் உண்டு. கான்டோஸில் மருந்து பெற்றோரிடையே உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு குறையவில்லை. காசநோய் இன்னும் விலகாத நம் நாட்டில் இதை மறந்து மருந்துச் சீட்டு எழுத முடியாது. இக்கருத்தரங்கின் இரு நாள் அமர்வுகளில் கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சி.ஆர்.பி. இறங்கியதோடு முடிவுரை எழுதிவிடாதீர்கள். எந்தப் பாதை, எந்த மக்கள், எந்த நோய் குறைந்தது, எந்தத் தொற்று கூடியது என்பதையும் அவைமுன் வையுங்கள்.