அலைக்கற்றையிலும் முதல் வகுப்பா?

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இணைய நடுநிலைமை என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இது டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் விவகாரம், சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஊருக்குப் பணம் அனுப்புவது செல்போனில். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது செல்போனில். நாளைக்கு எங்கே வேலை என்று மேஸ்திரி சொல்வதும் செல்போனில். அதற்கு ரீசார்ஜ் செய்கிற காசு நமது வியர்வை. அந்தக் காசுக்கு நாம் வாங்குவது என்ன என்பதுதான் கேள்வி.

நாம் வாங்குவது வழி, வேறொன்றுமில்லை. நாகர்கோவில் சாலையில் சுங்கம் கட்டிவிட்டுப் போகிற லாரியை நிறுத்தி, உள்ளே இருப்பது யாருடைய சரக்கு என்று பார்த்து, சொந்தக்காரன் சரக்கை முன்னே விட்டு மற்றவன் சரக்கை ஓரம் கட்டினால் நாம் சும்மா இருப்போமா? செல்போன் கம்பெனியும் அதைச் செய்யக்கூடாது. எந்தத் தளத்தின் தகவலானாலும் தடுக்காதே, வேகம் குறைக்காதே, காசு வாங்கிக்கொண்டு முந்தவிடாதே. இதற்கு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் வைத்த பெயர்தான் இந்தப் பெரிய பெயர்.

இது நம் வீட்டு வாசலுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். 2014 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனி, இணையம் வழியாகப் பேசுகிற பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு வாங்கியாயிற்று. அதில் நீ பாட்டுக் கேட்டால் ஒரு விலை, மனைவியோடு பேசினால் இன்னொரு விலை! நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களில் திட்டத்தை நிறுத்தினார்கள். வளைகுடாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்பு நெடுங்காலமாக அடைபட்டுக் கிடக்கிறது. வீட்டோடு பேசும் பேச்சுக்கே பூட்டுப் போட முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து வந்தது இலவசம். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற ஒன்றை ஆரம்பித்தன. எந்த மாநிலங்களில்? முதல் ஆறில் கேரளமும் உண்டு, தமிழ்நாடும் உண்டு. டேட்டாக் காசு இல்லாமல் சில பத்துத் தளங்களைப் பார்க்கலாம். மற்றவை வேண்டுமென்றால் காசு. பிறகு இதற்கே ஃப்ரீ பேசிக்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்தார்கள்.

“ஒன்றுமே இல்லாதவனுக்கு இதாவது கிடைக்கட்டுமே” என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு. அவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பசித்தவனிடம் தத்துவம் பேசக்கூடாது. ஆனால் அந்தச் சில தளங்கள் எவை, எந்த நிபந்தனையில் உள்ளே வரலாம் என்று தீர்மானித்தது யார்? ஃபேஸ்புக். ஏழைக்கு ஒரு முதலாளியின் முற்றம், பணக்காரனுக்கு முழு உலகம் என்று பிரித்துவிட்டால், நம்மைப் போன்ற சங்கம் நடத்தும் சிறு பத்திரிகை அந்த முற்றத்துக்குள் எப்போது நுழையும்?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 மார்ச்சில் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேலான கடிதங்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி ஆணை வந்தது: தளத்துக்குத் தளம் டேட்டா விலையில் பாகுபாடு கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் அபராதம். 50 லட்சம் இந்தக் கம்பெனிகளுக்கு டீச்செலவு, அது வேறு விஷயம். ஆனாலும் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போயிற்று. 2018-இல் நடுநிலைமை விதி கம்பெனிகளின் உரிமத்திலேயே சேர்க்கப்பட்டது.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. விலையில் செய்ய முடியாததை வேகத்தில் செய்யலாமே!

ஆற்றுகால் பொங்காலை நாளை நினைத்துப் பாருங்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் திரண்டதாகக் கின்னஸில் பதிவாயிற்று. கிழக்கேகோட்டையிலிருந்து தம்பானூர் வரை அடுப்பு. அன்றைக்கு செல்போன் என்ன பாடுபடும்? ஒரு டவருக்குக் கிடைத்த அலைக்கற்றைக்கு ஓர் அளவு உண்டு. சுற்றியுள்ள அத்தனை பேரும் அதைத்தான் பங்கிட வேண்டும். கண்ணாடி இழைக் கம்பி என்றால் இன்னொன்று இழுக்கலாம். காற்றை அப்படி இழுக்க முடியாது. ஆகவே நெரிசலில் கம்பெனி ஏதாவது ஒழுங்கு செய்யத்தான் வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. டிராயே 2017-இல் சொன்னது: அந்த ஒழுங்கு அளவோடு இருக்க வேண்டும், தற்காலிகமாக இருக்க வேண்டும், வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆபத்துக்கால அழைப்பு முந்திப் போகட்டும். எல்லா வீடியோவும் கொஞ்சம் மங்கட்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீடியோ கம்பெனிகள் செல்போனில் படத்தின் தரத்தைக் குறைத்ததே, அதில் யாருக்கும் வருத்தமில்லை. கம்பெனியின் சொந்தப் படம் மட்டும் பளிச்சென்று ஓடி, மற்றவன் படம் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அது ஒழுங்கல்ல, களவு.

(இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தினசரி டேட்டா தீர்ந்தபின் வேகம் குறைகிறதே, அது இந்தக் கணக்கில் வராது. அது எல்லாத் தளத்துக்கும் ஒரே மாதிரி குறைகிறது.)

2020-இல் இன்னொரு தந்திரம். மாதம் 499 ரூபாயும் அதற்கு மேலும் கட்டும் சந்தாதாரருக்கு முன்னுரிமை வேகம் என்றது ஏர்டெலின் பிளாட்டினம் திட்டம். வோடஃபோன் ஐடியாவுக்கு ரெட்எக்ஸ். டவர் ஒன்று, அலைக்கற்றை ஒன்று. அதில் ஒருவனை முன்னே விட்டால், பின்னே தள்ளப்படுகிறவன் யார்? 28 நாள் ரீசார்ஜ்காரன், அதாவது நீங்களும் நானும். அந்த ஜூலையில் டிராய் இரண்டையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. வோடஃபோன் ஐடியா தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்கால நிவாரணம் பெற்றது. ஆகஸ்டில் டிராய் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது. தளங்களுக்கிடையே பாகுபாடு கூடாது என்ற விதி இருந்தும், மனிதருக்கிடையே பாகுபாடு எப்படிப் புகப் பார்த்தது, பாருங்கள்!

2022-க்குப் பிறகு, அதிகத் தகவல் அனுப்பும் பெரிய தளங்கள் எங்களுக்கும் பங்கு தர வேண்டும் என்று கம்பெனிகள் கேட்கத் தொடங்கின. பெரியவன் பெரியவனிடம் கேட்கிறான், நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். தென்கொரியாவில் வலைக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி டிவிட்ச் என்ற அமெரிக்கத் தளம் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. அமெரிக்காவிலோ நடுநிலைமை விதிகளை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

கேரள அரசு 2023 ஜூன் 5-இல் கே-ஃபோன் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. நல்ல காரியம். ஆனால் ரேஷன் கார்டு ஊரில், வாடகை அறை இங்கே என்றிருக்கும் நம்மில் பலருக்கு டவரை விட்டால் கதியில்லை.

ஆகவே நம் கிளைகள் செய்ய வேண்டியது: வேகம் குறையும்போது நாள், நேரம், இடம், எந்தத் தளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிராயின் மைஸ்பீடு செயலியால் அளந்து பாருங்கள். ஒரு தளம் மட்டும் தொடர்ந்து இழுத்தால் கம்பெனியில் புகார் எழுதி, புகார் எண்ணை வாங்கி, நகலைச் சங்கத்தில் கொடுங்கள். பத்துப் பேர் புகார் சேர்ந்ததும் டிராய்க்கு நாம் ஒன்றாக எழுதுவோம்.