எட்டு மாசக் குழந்தையும் தங்கும்



"ஏழு மாசத்துல பிறந்தா தங்கும், எட்டு மாசத்துல பிறந்தா தங்காது" என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. என் நாத்தனாருக்கு எட்டாம் மாசம் வலி வந்தப்பவும், "தங்காத பிள்ளைக்கு எதுக்கு இத்தனை அலைச்சல்?" என்று கேட்டவங்க இருந்தாங்க. அந்தப் பேச்சு தப்பு. வயித்துல இருக்கிற ஒவ்வொரு வாரமும் நுரையீரல் முதிருது. ஏழை விட எட்டுதான் நல்லது.

37 வாரம் முடியும் முன்னே பிறந்தால் குறைமாதக் குழந்தை. நுரையீரலில் உள்ள சின்னச் சின்னக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு வழவழப்பு சுரக்கணும். சர்ஃபாக்டன்ட் என்று பெயர். ரொம்ப முன்னாடி பிறந்த குழந்தைக்கு அது போதாது. புது பலூனை முதல் தடவை ஊத எவ்வளவு தம் பிடிக்கிறோம்! அந்தப் பிஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படி மல்லுக்கட்டும்.

அதனால் மாசம் ஆகுமுன் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, "விடியட்டும்" என்று இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு, பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகணும். 34 வாரத்துக்குள் என்றால், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. அது வேலை செய்ய நேரம் வேணும். என் நாத்தனாருக்கு ஊசி போட்டு மறுநாள்தான் பிரசவம். குழந்தை ஒன்றரை கிலோ.

சிறப்புப் பிரிவில் வார்மரில் சூடாக வைத்து, மூக்கு வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு கொடுத்தாங்க. தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் மருந்தையே மூச்சுக்குழாயில் விடுவாங்களாம். தாய்ப்பாலைக் கறந்து குழாய் வழியாகக் கொடுத்தாங்க. மூச்சு சீரானதும் "கங்காரு கவனிப்பு": வெறும் நெஞ்சோடு குழந்தையை அணைச்சு வைக்கிறது. அப்பாவும் பாட்டியும்கூட செய்யலாம். இன்னைக்கு அவன் பால்வாடிக்கு ஓடுறான்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேணும். நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே குழிவது, முனகல், உதடு நீலம், பால் குடிக்காதது, உடம்பு சில்லிடுவது – இதில் ஒன்று தெரிந்தாலும் குழந்தையை நெஞ்சோடு அணைச்சபடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. சாம்பிராணிப் புகை, சேனைத்தண்ணி வேண்டாம். கண் பரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தவறவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பாதிக்கலாம்.

செலவுக்குப் பயந்து வட்டிக்கு வாங்க வேண்டாம். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவமும், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்தும், போக வர வண்டியும் இலவசம்.

ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் கடன் தவணை கேட்கும்போதே, நம்ம குழுவில், தெருவில் யார் கர்ப்பம், எத்தனை வாரம், எந்த ஆஸ்பத்திரியில் சிறப்புப் பிரிவு என்று நோட்டில் எழுதி வைப்போம். "தங்காது" என்று யாராவது சொன்னால் நாம் நாலு பேர் எதிர்த்துச் சொல்வோம்.