இன்னிக்கு ஒரு சொல்: தெசபரெசிதோ

இன்னிக்கு நாம எடுத்துக்கிட்ட ஸ்பானிஷ் சொல் 'தெசபரெசெர்'. 'அபரெசெர்'னா தோன்றுவது. முன்னால 'தெஸ்' சேர்ந்தா அதுக்கு எதிர்: மறைவது, காணாமல் போவது. சாவியைக் காணோம்னாலும், தலைவலி விட்டுப்போச்சுன்னாலும் இதே சொல்தான். தமிழ் இலக்கணத்துல சொன்னா, தன்வினை. தானா நடக்குது, செய்தவர்னு யாரும் இல்ல.

1976 மார்ச்சில் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. 1983 வரை நீடிச்ச அந்த ஆட்சியில், ஆயிரக்கணக்கானவங்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தூக்கிட்டுப் போனாங்க. எங்கே வெச்சிருக்கீங்கன்னு குடும்பத்தார் கேட்டா, 'அப்படி யாரும் எங்ககிட்ட இல்ல'ன்னு பதில். அவங்களுக்கு வந்த பேர்தான் 'தெசபரெசிதோ', காணாமல் போனவர். 1977 ஏப்ரல் 30 அன்னிக்கு, புவனஸ் அயர்ஸின் பிளாசா தெ மாயோ சதுக்கத்தில், பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் கூடினாங்க.

இங்கதான் சிக்கல். 'காணாமல் போனார்'னு சொன்னா, அவரே எங்கேயோ போயிட்ட மாதிரி கேக்குது. அதனால மக்கள் அந்த வினையையே திருப்பிட்டாங்க. 'லோ தெசபரெசியெரோன்', அதாவது 'அவனைக் காணாமல் ஆக்கிட்டாங்க'. தன்வினை பிறவினையாச்சு. யார்னு பேர் சொல்லல. ஆனா செய்தவங்க இருக்காங்கன்னு வினையே சொல்லிடுது.

இந்த வித்தியாசம் தமிழுக்கும் தெரியும். இலங்கையில், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் போராட உட்கார்ந்த அம்மாக்களும் 'காணாமல் போனோர்'னு சொல்றதில்ல; 'காணாமல் ஆக்கப்பட்டோர்'னுதான் சொல்றாங்க.

சொல் சட்டத்தையும் தொட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர் இறந்துட்டார்னு கையெழுத்துப் போட்டாத்தான் சொத்து, வாரிசு வேலையெல்லாம் நடக்கும்னா, எந்த அம்மா போடுவாங்க? அதனால 1994ல் அர்ஜென்டினா ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறந்தவர்னு அறிவிக்காமலே, 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்'னு பதிவு செய்யலாம்.

ஸ்பானிஷ் படிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. வெள்ளத்தில் காணாமல் போனவரும் 'தெசபரெசிதோ'தான். அதனால சிலியில் 'தெதெனிதோ தெசபரெசிதோ', அதாவது பிடிச்சுட்டுப் போய்க் காணாமல் ஆக்கப்பட்டவர்னு தெளிவா சொல்றாங்க. ஒரு செய்தியைத் தமிழ்ல சொல்றதுக்கு முன்னாடி, அது வெள்ளமா ஆளான்னு பாருங்க. ஆளா இருந்தா, 'போனார்'னு எழுதாதீங்க.

அடுத்த வாரம் இன்னொரு சொல்லோட சந்திப்போம்.