ஆழத் தோண்டாமல் எழும் ஊர்தித் தளம்



சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த ஊர் மாதனூர். இத்தகைய ஊர்களில் முகூர்த்த நாளிலும் விழா நாளிலும் ஊர்திகள் சாலையோரத்தை அடைத்துக்கொண்டால், முதியோரும் சிறுவரும் விரையும் வண்டிகளுக்கு அருகே நடக்க நேர்கிறது. இதற்குத் தீர்வு யாது?

சென்னைத் தியாகராய நகரில் 2021இல் திறக்கப்பட்ட பல அடுக்கு நிறுத்தகம் 222 மகிழுந்துகளை ஏற்கவல்லது. சிற்றூருக்கு அத்துணைப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. ஆலையில் செய்த எஃகுத் தூண்களையும் உத்தரங்களையும் களத்தில் போல்ட்டுகளால் பூட்டி, ஒற்றை மேல்தளம் எழுப்பினாலே போதும். அதே நிலம் ஏறத்தாழ இருமடங்கு வண்டிகளைத் தாங்கும்.

ஆழமான அடித்தளம் ஏன் வேண்டுவதில்லை? இந்தியத் தரநெறி ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையையும், சிறு ஊர்திகளின் தளத்துக்குச் சுமார் 250 கிலோவையும் கணக்கிடப் பணிக்கிறது. வேறுபாடு சிறிதே. தாழ்ந்த, எடை குறைந்த அமைப்பாதலின், தூணின் அடியில் இடும் அகன்ற தகடோ கான்கிரீட் திண்டோ அச்சுமையை மண்மீது பரப்பிவிடும்.

எனினும் மூன்று காப்புகள் இன்றியமையாதவை. முதலாவது, மண்ணின் தாங்குதிறனைச் சோதித்தல். இரண்டாவது, மழைநீர் தேங்கி மண் இளகாவண்ணம் வடிகால் அமைத்தல். மூன்றாவது, காற்றும் வண்டியின் நிறுத்த விசையும் தளத்தைச் சாய்க்காதபடி குறுக்குச் சட்டம் பூட்டுதல். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சிக்கனம் ஆபத்தாகும்.

தேவை மாறின் தளத்தைக் கழற்றி வேறிடம் கொண்டு செல்லலாம். நிலம் பெரிதும் சிதையாமல் அடுத்த தலைமுறைக்கு எஞ்சும். பொதுநிலத்தைக் காக்கும் பொறுப்புடையோர் எண்ணிப் பார்க்கத்தக்க வழி இது.